விலைக்கு இல்லாத மீன்

ஒட்னி தன் அறுபத்து மூன்று வயதில் ஒரு மீனைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. கிரோவிக் என்கிற அந்தச் சின்ன மீன்பிடி ஊரில் யாருமே வாங்குவதில்லை. படகு துறைக்கு வந்ததும் தொட்டி தொட்டியாக இறங்குகிற மீன் வியாபாரத்துக்கு. அதிலிருந்து கையால் எடுத்து ஓரமாகப் போடுகிற நாலைந்து மீன் சட்டிக்கு. சட்டி மீனுக்கு விலை என்று ஒன்று கிடையாது. வாளியோடு வந்து நிற்பவருக்குக் கொடுப்பார்கள். வர முடியாதவர் வீட்டில் கதவுக் கைப்பிடியில் பையோடு மாட்டிவிட்டுப் போவார்கள். கதவைத் தட்டுவதில்லை. யார் மாட்டியது என்று வீட்டுக்காரர் விசாரிப்பதில்லை. சாப்பிட்டீர்களா என்று மாட்டியவர் கேட்பதும் இல்லை.

கணவன் ரெய்தாரோடு வாழ்ந்த முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் வீட்டுக் கைப்பிடிக்கு அந்த வேலை வந்ததில்லை. ரெய்தார் மற்றவர் வீடுகளில் மாட்டிவிட்டு வருகிறவன். ஒரே நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் முள் தொங்குகிற ஆயிரங்கால் தூண்டில் போடும் சின்ன விசைப்படகு அவனுடையது. யார்லே என்கிற ஊர்க்காரன் அவனோடு பதினேழு வருஷம் கடலுக்குப் போனான். ஒரு டிசம்பர் காலை, துறையை ஒட்டிய கொட்டகையில் முக்காலியில் உட்கார்ந்து தூண்டில்களுக்கு இரை கோத்துக்கொண்டிருந்தபோது ரெய்தாரின் நெஞ்சு நின்றுபோனது. கடலில் ஒன்றும் ஆகாதவன் நாலு சுவருக்குள், அடுப்புச் சூட்டில், கையில் பாதி கோத்த தூண்டிலோடு போனான். அடக்கம் முடிந்த மறுவாரம் ஒட்னியின் கைப்பிடியில் முதல் மீன் தொங்கியது. அப்புறம் வாரம் தவறவில்லை.

அவள் அதைச் சமைக்கவில்லை. குளிர்காலக் காட் மீன், அதன் ஈரல், அதன் சினை மூன்றையும் தனித்தனிச் சட்டியில் வேகவைத்து உருளைக்கிழங்கோடு வைக்கிற மெல்யேதான் அந்த மாதங்களில் ஊரின் சாப்பாடு. முதியோர் இல்லச் சமையலறையில் பத்தொன்பது வருஷம், அதை நகரத்துக்கு மாற்றும்வரை, நாற்பது பேருக்கு மெல்யே வைத்தவள் ஒட்னி. ஒரு ஆளுக்கு வைக்க அவளுக்குத் தெரியவில்லை. மூன்று சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு ஒரே ஒரு தட்டை மேஜையில் வைப்பதா? மீனைக் கழுவி, பையில் கட்டி, தேதி எழுதி, நிலவறையிலிருந்த பெரிய ஃப்ரீசரில் அடுக்கினாள். ரொட்டி சாப்பிட்டாள். ஜன்னல் திரையைப் பாதி இழுத்தே வைத்திருந்தாள். துறைப் பக்கம் போகவே இல்லை. கடைக்குப் போக வேண்டுமென்றாலும் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அவள் வீடு மலையடியில் இருந்த ஏழு வீடுகளில் ஒன்று. ரெய்தார் போன அடுத்த வருஷத்து இலையுதிர் காலத்தில் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: பனிச்சரிவு அபாயம் இருப்பதால், வருகிற குளிர்காலம் கழிந்து அதற்கடுத்த வருஷம் முதல் ஜனவரியிலிருந்து ஏப்ரல் முடிய இந்த ஏழு வீடுகளில் யாரும் குடியிருக்கக் கூடாது. மகள் மாரென் போடோ நகரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. கடிதத்தை அம்மா தொலைபேசியில் படிக்கக் கேட்டவள், வருஷத்தில் நாலு மாதம் மட்டும் எங்கே போய்க் கிடப்பாய், மொத்தமாக இங்கேயே வந்துவிடு என்றாள். ஒட்னி சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சம்மதம் கிடைக்கும் என்று மாரெனே எதிர்பார்க்கவில்லை. போடோவில் யாருக்கும் ரெய்தாரைத் தெரியாது, யாரும் தன் கதவில் மீன் மாட்டமாட்டார்கள் என்பதுதான் ஒட்னி மனதில் ஓடியது. மார்ச் முதல் தேதி என்று நாள் குறித்தார்கள். மாரென் தன் வீட்டுப் பின்னறைக்கு வெளிர்மஞ்சள் பெயின்ட் அடித்துப் படம் எடுத்து அனுப்பினாள்.

பிப்ரவரி நடுவில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. நாலாம் நாள் மதியம் போலீஸ்காரர் ஏழு வீட்டுக் கதவையும் தட்டி, ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும், மலை சரியில்லை என்றார். ஏழு வீட்டிலும் சேர்த்துப் பதினாறு பேர். எல்லோரையும் கொண்டுபோய் விட்ட இடம் துறையின் மேலிருந்த ஹோட்டல்.

அது முன்பு மீனுக்கு உப்புப் போடுகிற கிடங்கு. தூண்கள் மேல் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற சிவப்புக் கட்டடம். ஆறு வருஷத்துக்கு முன் ஹால்வார் என்பவன் வாங்கி, பன்னிரண்டு அறை போட்டு ஹோட்டலாக்கினான். தெற்கே காட்டுப் பகுதியிலிருந்து வந்தவன்; நாற்பதைத் தாண்டியவன்; பேசும்போது தரையைப் பார்ப்பான். கோடையில் ஆட்கள் வந்தார்கள். குளிர்காலத்தில் கழுகைப் படம் பிடிக்கிற ஜெர்மன்காரர்கள் இரண்டு பேர் வந்தால் பெரிது. ஊர்க்காரர்கள் யாரும் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. சொந்த ஊரில் ஹோட்டலில் தங்குவது என்பது அவர்களுக்குக் கூச்சமான காரியம். அதோடு ஹால்வார் மேல் ஒரு குறையும் இருந்தது: மீன்துறை மேல் உட்கார்ந்துகொண்டு, லாரியில் வருகிற உறைந்த மீன் துண்டுகளைப் பொரித்துப் போடுகிறான். நம் மீன் அவனுக்கு ஆகாது போலிருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள்.

ஒட்னிக்கு நாலாம் எண் அறை கிடைத்தது. பையை வைத்துவிட்டு ஜன்னலருகே போனாள். நேர் எதிரே, இருபது அடியில், இரை கோக்கும் கொட்டகையின் பச்சைக் கதவு. திரையை முழுக்க இழுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கீழே வந்த ஹால்வார் திகைத்துப் போய்விட்டான். பதினாறு பேரும் ஐந்தரைக்கே எழுந்து, படுக்கை விரிப்புகளை உருவி, மடித்து, அவரவர் அறை வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள். எண்பத்து நாலு வயது மாக்னில் அம்மாள் நடைக்கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் அறை இங்வால் தன் வீட்டுச் சுவரில் தொங்கிய நாலு மீனை அநாதையாக விட மனமில்லாமல் கூடவே கொண்டுவந்து, பால்கனியில் ஆணி அடித்துக் காயப் போட்டிருந்தார். ஊரிலிருந்த கடற்காகங்கள் பாதி அங்கே வந்து கத்திக்கொண்டிருந்தன. அப்போது தங்கியிருந்த இரண்டு ஜெர்மன்காரர்களும் கழுகை மறந்துவிட்டு அதைப் படம் எடுத்தார்கள்.

ஹால்வார் மாக்னிலிடம் போய், நீங்கள் விருந்தாளி, தயவுசெய்து உட்காருங்கள் என்று கெஞ்சினான்.

"உக்காந்தா முழங்கால் பூட்டிக்கும்," என்றார் மாக்னில். "நீ வேணும்னா உக்காரு. பாத்தாலே தூங்காத மூஞ்சியா இருக்கு. காலைத் தூக்கு, அந்த எடம் இன்னும் தொடைக்கல."

அன்று காலையிலேயே, ஊருக்கு வருகிற ஒரே சாலையின் சுரங்கப்பாதை வாயில் பனி சரிந்து சாலை மூடிக்கொண்டது. லாரி வராது. நாலு மணிச் சாப்பாட்டுக்கு ஹால்வார் மிச்சமிருந்த மீன் துண்டுகளை மாவில் புரட்டிப் பொரித்துக் கொடுத்தான். குளிர்காலத்துக்கு அவனிடம் சமையல்காரர் கிடையாது, எல்லாம் அவனேதான். இங்வால் ஒரு துண்டை முள்கரண்டியால் குத்தித் தூக்கி, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தக் கடல்ல நீந்திச்சு, தம்பி? நாலு மூலையும் சதுரமா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். ஹால்வாரும் சிரிக்கப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை. தட்டுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒட்னி சமையலறைக்குள் போனபோது, அவன் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, திறந்த குளிர்பதனப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வெண்ணெயும் நாலு வெங்காயமும் இருந்தன.

நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். தெரியவில்லை என்றான். உருளைக்கிழங்கு மூட்டை இருக்கிறது, தட்டை ரொட்டி இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

"வெளிய நாலு படகு கட்டி நிக்குதே. மீனுக்கா பஞ்சம்?"

ஹால்வார் தலையை நிமிர்த்தவில்லை. முதல் வருஷமே போனதாகச் சொன்னான். பர்ஸை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய், பத்து மீன் வேண்டும், என்ன விலையானாலும் சரி என்று யார்லேயிடம் கேட்டிருக்கிறான். யார்லே பர்ஸைப் பார்த்தான், இவனைப் பார்த்தான். இங்கே நாங்கள் மீன் விற்பதில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"அவன் பின்னாடி ரெண்டாயிரம் கிலோ மீன் கெடக்கு. எனக்கு மட்டும் விக்க மாட்டாங்களாம்," என்றான் ஹால்வார். "புடிக்கலைன்னா புடிக்கல. எங்க ஊர்ல ஒருத்தர் முடியாதுன்னா ரெண்டாந்தரம் போய்க் கேக்க மாட்டோம். அப்புறம் நான் அந்தப் பக்கமே போகல."

ஒட்னி கையிலிருந்த தட்டுகளைத் தொட்டிக்குள் வைத்தாள். வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். சிரிப்பு. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ரெய்தார் போன பிறகு அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்ததில்லை. அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது.

"அவன் தரமாட்டேன்னு சொல்லல. விக்கமாட்டேன்னுதான் சொன்னான்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உங்க காட்டுல ஒண்ணா இருக்கலாம். இங்க ஒரு மீனுக்கு எவனும் காசு வாங்கமாட்டான். பர்ஸை நீட்டினா, இவன் என்னடா நம்மள அவமானப்படுத்துறான்னு நெனைப்பான். நீ வெறுங்கையோட போய் நின்னிருந்தா முதுகு ஒடியற அளவுக்குத் தந்திருப்பாங்க."

ஹால்வார் குளிர்பதனப் பெட்டியின் கதவைச் சாத்தினான். ஆறு வருஷம், என்று ஒருமுறை முணுமுணுத்தான். பிறகு, அவளே துறைக்குப் போய்த் தனக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டான்.

ஒட்னியின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அறையில் நெடுநேரம் நின்றாள். கடைசியில் திரையை விலக்கினாள். வெளியே நீலமாய் மங்கிய வெளிச்சம். கொட்டகையின் பச்சைக் கதவு திறந்திருந்தது, உள்ளே மஞ்சள் விளக்கு. ரெய்தாரின் முக்காலியில் யாரோ உட்கார்ந்து இரை கோத்துக்கொண்டிருந்தார்கள். யாரென்று தெரியவில்லை, முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு கை தூண்டிலை எடுக்கிறது, மறு கை இரையை எடுக்கிறது, கோத்ததைத் தொட்டியில் சுருட்டுகிறது. அந்த முக்காலியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், அல்லது மூலையில் கவிழ்த்து வைத்திருப்பார்கள் என்று அவள் பதினாலு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அது வேலையில்தான் இருந்தது. அதற்கு மேல் அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மறுநாள் காலை சமையலறையிலிருந்து இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு துறைக்கு இறங்கினாள்.

அவள் வருவதைக் கண்டதும் மீன் அறுக்கும் மேஜையைச் சுற்றி நின்ற ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். யார்லே கத்தியைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தான். வழுக்கும், பார்த்து வா என்றான். அவள் இத்தனை மாதம் வராததைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"சட்டிக்கு மீன் வேணும், யார்லே. பெருசா எட்டு. ஈரல், சினையோட."

"எட்டா? உனக்கா?"

"ஹோட்டலுக்கு."

யார்லே கத்தியைக் கீழே வைத்தான். முடியாது என்று சொல்ல அவனுக்கு மனமில்லை. ஆனால் விஷயம் அத்தனை சுலபமும் இல்லை. "அவன் அதைத் தட்டுல வெச்சுக் காசாக்குவான். வித்துட்டா அப்புறம் அது சட்டி மீனே இல்ல. உனக்குத் தெரியாததா?" மற்றவர்களும் தலையாட்டினார்கள். அது நியாயம்தான் என்று ஒட்னிக்கும் பட்டது.

"உங்க அம்மாவும் அங்கதான், ஆறாம் நம்பர் ரூம்ல இருக்காங்க," என்றாள். "நேத்து அவங்க சாப்பிட்டது மாவுல பொரட்டின அட்டைத் துண்டு. உன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னாங்க. மூணு தடவ போன் பண்ணிச் சொன்னாங்க."

பக்கத்தில் நின்றவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். பின்பு ஹால்வாரின் பர்ஸ் கதையை ஒட்னி எல்லோருக்கும் சொன்னாள். யார்லேக்கு அந்த நாள் நினைவிருந்தது. தன்னைக் கூலிக்காரனைப் போல் நினைத்துக் காசை நீட்டுகிறான் என்று கோபப்பட்டதும் நினைவிருந்தது. கொஞ்ச நேரம் காதைச் சொறிந்தான்.

"ஆறு வருஷமா அந்த ஆளு பட்டினி கெடந்த மாதிரி இருக்கே," என்றான் மெதுவாக. "சரி. சாலை தொறக்கிற வரைக்கும் சாப்பாட்டுக்கு யார்கிட்டயும் காசு வாங்கக் கூடாது. அவனே வாளியைத் தூக்கிட்டு வரணும். பர்ஸ வீட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லு."

அவள் திரும்பப் போனபோது யார்லே கூடவே நாலடி நடந்து வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்தில் நின்றான். ஊரில் யாரும் கேட்காத கேள்வியை அவன் கேட்டான்.

"மாட்டினதெல்லாம் சாப்பிட்டியா, ஒட்னி?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஃப்ரீசர்ல இருக்கு," என்றாள்.

"எது?"

"எல்லாமும். அறுபத்தொண்ணு. தேதி எழுதி வெச்சிருக்கேன்."

யார்லே கடலைப் பார்த்தான். "மீன்வளத் துறைக்குத் தெரிஞ்சா உன் ஃப்ரீசருக்கே தனியா உரிமம் எடுக்கச் சொல்லுவான்."

"ஒரு ஆளுக்கு எப்படிச் சமைக்கிறதுன்னு தெரியலடா."

"எங்களுக்கும் தெரியல. வேற என்ன பண்றதுன்னு," என்றான் அவன். "மீன் ஒண்ணுதான் எங்ககிட்ட இருந்துது."

ஒட்னி தலையசைத்தாள். அவன் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரு செதிலைத் தட்டிவிட்டாள்.

ஹால்வார் பத்து நிமிஷத்தில் இரண்டு வாளியோடு துறையில் நின்றான். கோட்டுப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துக் காலி என்று காட்டினானாம். ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள். எட்டுக் கேட்டவனுக்குப் பன்னிரண்டு போட்டார்கள். நாலு முறை நன்றி சொன்னான். ஒரு முறை போதும், மீதி மூன்றை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள் என்றான் யார்லே.

சமையலறை ஒட்னியின் கைக்கு வந்தது. மாக்னில் உருளைக்கிழங்கு கழுவ உட்கார்ந்தார். ஒட்னி மீனை மூன்று விரல் கனத்துக்குத் துண்டு போட்டாள். கடல்நீர் அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீர் கொதித்ததும் மீனை இறக்கி, அடுப்பை அணைத்து, மூடி வைத்தாள். சினையைக் காகிதத்தில் சுற்றித் தனிச் சட்டியில் மெல்லிய கொதியில் விட்டாள். ஈரலுக்கு ஒரு கரண்டித் தண்ணீர், வெங்காயம், நாலு மிளகு. அந்த வாசனை எழுந்ததும் கை ஒரு நிமிஷம் நின்றது. ரெய்தார் தட்டு பாதி காலியாகும்வரை வாய் திறக்கமாட்டான். ஈரலை உருளைக்கிழங்கில் நசுக்கிப் பிசைந்துகொண்டே இருப்பான். பேசுவதற்கு வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது போல. ஒட்னி மூடியைத் திறந்து கிளறினாள். அடி பிடிக்கிற நேரம் அது.

நாலு மணிக்குப் படகுக்காரர்களும் வந்தார்கள். வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு தயங்கித் தயங்கி உள்ளே நடந்தார்கள். ஒரு ஜெர்மன்காரர் சினையை என்னவென்று தெரியாமலே இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். இங்வால் மூன்று தட்டு ஈரல் சாப்பிட்டுவிட்டு, இனி மலை விழுந்தாலும் பரவாயில்லை என்றார். ஒட்னி நின்றபடியே எல்லோருக்கும் போட்டுக்கொண்டிருந்தாள். மாக்னில் ஒரு நாற்காலியைக் காலால் தள்ளி, உட்கார் என்று கண்ணால் காட்டினார். ஒட்னி உட்கார்ந்தாள். மேஜையில் பத்துப் பன்னிரண்டு தட்டுகளுக்கு நடுவே அவள் தட்டும் இருந்தது. ஈரலை நசுக்கினாள், சாப்பிட்டாள். நன்றாக இருந்தது. உப்புக் கொஞ்சம் தூக்கல்.

சாலை திறக்க நாலு நாள் ஆயிற்று. மலையைப் பார்க்க வந்த நிபுணர், இந்த வருஷமே ஏப்ரல் முடியும்வரை ஏழு வீட்டுக்கும் யாரும் திரும்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் பிள்ளைகள் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் பிரிந்து போக ஏற்பாடு செய்தார்கள். மாரென் போன் பண்ணினாள்: மார்ச் வரை எதற்கு, ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன், பெட்டி கட்டி வை.

அதே நாள் ஹால்வாரும் வந்து நின்றான், வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டு. சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை மெல்யே உண்டா என்று கேட்கிறார்களாம். முப்பத்தொரு பேர் ஆகிவிட்டது. அதற்கான மீனை அவன் மீனவர் விற்பனைச் சங்கத்தில் முறையாக, ரசீதோடு வாங்கியிருக்கிறான். அது வியாபார மீன், யாருக்கும் மனக்குறை வராது. அடுத்த வருஷத்திலிருந்து குளிர்காலத்தில் ஹோட்டலை மூடிவிடுவது என்று முடிவு செய்து வைத்திருந்தானாம். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. இந்த ஏப்ரல் வரையும், இனி ஒவ்வொரு வருஷமும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரையும் சமையல் வேலை, சம்பளம், தங்க நாலாம் எண் அறை. "நீங்க இருந்தா நடத்தலாம்," என்றான். "நீங்க இல்லன்னா எனக்கு அந்த அட்டைத் துண்டுதான் தெரியும்."

தான் வீட்டில் இருக்கக் கூடாத அதே நாலு மாதங்கள் என்பது ஒட்னிக்கு உடனே உறைத்தது. ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். போடோவில் ஒரு அறை மஞ்சள் நிறத்தில் காத்துக்கொண்டிருந்தது. மகள் ஏணி மேல் நின்று இரண்டு வார இறுதி அடித்த பெயின்ட். அந்த ராத்திரி பெட்டியைக் கட்டில் மேல் திறந்து வைத்தாள். ஒரு துணியும் அதற்குள் போகவில்லை.

ஞாயிறு மதியம் மாரென் வந்தபோது பந்தி பாதியில் இருந்தது. வாசலில் காலணிகள் குவிந்து கிடந்தன. அம்மா எங்கே என்று கேட்டவளை ஹால்வார் யாரென்று தெரியாமல், முன்பதிவு உண்டா என்று கேட்டான். மாக்னில் அம்மாள் தலையிட்டு அவளைத் தன் மேஜையில் உட்கார வைத்தார். உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது. மாரென் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்தாள். அப்பா போனதிலிருந்து அம்மா கையால் மீன் சாப்பிட்டதில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் கடை பீட்சாதான். முதல் வாய் வைத்ததும் சாளரப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாக்னில் பார்க்காதது போல் ரொட்டியை அவள் பக்கம் தள்ளினார்.

சாப்பிட்டு முடித்து மாரென் சமையலறைக்குள் போனாள். ஒட்னி முழங்கைவரை நுரையில், பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி கட்டியாச்சாம்மா?"

"இல்ல."

"சரி, நான் கட்டறேன். நாலு மணிக்குக் கெளம்பினா இருட்டறதுக்குள்ள கார் ஏத்தற படகப் புடிச்சிடலாம்."

ஒட்னி சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள். துண்டை மடித்தாள். ஹால்வார் சொன்னதை ஒரே மூச்சில் சொன்னாள். மே மாதம் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றும், கிறிஸ்துமஸுக்கும் இலையுதிர் காலத்திலும் போடோவுக்கு வருகிறேன் என்றும் சொன்னாள். "நீ அடிச்ச பெயின்ட்தான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு," என்றாள்.

"பெயின்ட் கெடக்குதும்மா." மாரெனின் குரல் கொஞ்சம் உயர்ந்தது, தணிந்தது. "நீ அந்த வீட்டுல திரைய இழுத்துட்டு ரொட்டியத் தின்னுட்டு ஒக்காந்திருந்தியே, அதைத்தான் என்னால பாக்க முடியல. இப்ப இங்க வந்து, அந்தக் கொட்டகைக்கு எதிர்லயே படுக்கப் போறேங்கற. தாங்குவியா?"

"முதல் நாள் தாங்கல." ஒட்னி யோசித்துப் பேசினாள். "இப்ப காலைல முதல்ல யாரு வந்து வெளக்குப் போடறான்னு பாப்பேன். யார்லேதான் வருவான். முந்தாநாள் இங்வால் முந்திக்கிட்டாரு, எழுபத்தெட்டு வயசுல. அவரு எதுக்கு வந்தாருன்னு யாருக்கும் தெரியல. அங்க ஆள் இருக்காங்க, மாரென். அவ்வளவுதான் தெரியுது."

மாரென் அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். எதையோ தேடி, அது இல்லையென்று உறுதி செய்துகொள்கிறவளைப் போல. பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"சம்பளம் ஒழுங்காத் தருவானா அந்த ஆளு?"

"தருவான். வாங்கற எடத்துலதான் அவனுக்குக் கொழப்பம்."

கூடத்திலிருந்து ஹால்வார் தலையை நீட்டி, இன்னும் ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள், பதிவு செய்யாதவர்கள், என்ன செய்வது என்று கேட்டான். உட்கார வை என்றாள் ஒட்னி. தான் கேட்டிருந்த வேலைக்கும் அதுதான் சம்மதம் என்று அவனுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும் கதவில் இடித்துக்கொண்டு போனான். மாரென் மூட்டையிலிருந்து உருளைக்கிழங்குகளை அள்ளித் தொட்டியில் கொட்டினாள்.

அன்று இரவு அம்மாவும் மகளும் நாலாம் எண் அறையில் படுத்தார்கள். மறுநாள் காலை மாரென் காருக்கு இறங்கி வந்தபோது ஒட்னி துறையில் இருந்தாள். யார்லேயோடு எதற்கோ தர்க்கம். ஈரல் சின்னதாக இருக்கிறது என்று அவள் குறை சொல்வது காற்றில் கேட்டது. கார் கிளம்பும் சத்தத்துக்குத் திரும்பினாள். இரண்டு கையிலும் செவுளோடு பிடித்த மீன், கையசைக்க முடியவில்லை. மீன்களையே கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். மாரென் கண்ணாடியை இறக்கி, கழுத்துத் துணியை இழுத்துக் கட்டு, காற்று அடிக்கிறது என்று கத்திவிட்டுச் சுரங்கப்பாதைப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.